கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத போன்

"மெக்கானிக் இல்லீங்களா?" என்ற கேள்வி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவையாவது தாட்சாயணியின் காதில் விழுந்துவிடும். கேட்பவர்கள் அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள் கையில் சால்டரிங் அயர்ன் இருக்கும், கண் மைக்ரோஸ்கோப்பில் இருக்கும், எதிரே யாரோ ஒருவருடைய போன் மூடி கழன்று கிடக்கும். ஆனாலும் அவர்கள் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய், பின்சுவரில் ஓர் ஆண்பிள்ளையைத் தேடும். கடை போட்ட முதல் வருஷம் அவள் பொறுமையாக விளக்கம் சொன்னாள். அடுத்த வருஷம் சண்டை போட்டாள். இது நாலாவது வருஷம். "நான்தான்" என்று கையை நீட்டுவதோடு சரி.

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே, லாட்ஜுகளுக்கு நடுவில் நுழையும் சந்து ஒன்றில் இருந்தது அந்தக் கடை. அகலம் நாலடி. தாட்சாயணிக்கு ஊர் சத்தியவேடு பக்கம் ஒரு காலனி. தமிழ்நாட்டு எல்லை அங்கிருந்து நடை தூரம். நைனா கரும்பு வெட்டப் போனவர். அவர் காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அவள் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்த வருஷம், எல்லைக்கு அந்தப் பக்கம் வந்திருந்த செல்போன் தொழிற்சாலை இந்தப் பக்கத்துப் பெண்களையும் வேலைக்கு எடுத்தது. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் காலனி முனைக்கே வந்து நிற்கும். அதுவரை எந்த பஸ்ஸும் அந்த முனையில் நின்றதில்லை.

அங்கே அவளுக்குக் கொடுத்தது பரிசோதனை மேஜை. வரிசையில் வரும் போனை எடுக்க வேண்டும், கேபிளைச் சொருக வேண்டும், திரையில் பச்சை வந்தால் பிடுங்கி அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு போன். ஆறு வருஷம். கண்ணை மூடிக்கொண்டு சொருகினால்கூட, கேபிளின் முள் முழுசாக உள்ளே போனதா, மயிரிழை வெளியே நிற்கிறதா என்று விரல் சொல்லிவிடும். இதற்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் 'திறன் தேவைப்படாத வேலை'. பிறகு ஒரு நாள் கம்பெனிக்கு அந்த இடம் கட்டுப்படியாகவில்லை. கேட்டை மூடினார்கள். இரண்டு மாநிலத்துப் பெண்களும் அவரவர் வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள். காலனி முனைக்கு பஸ் வருவதும் நின்றது.

கையில் வந்த தொகையில் அவள் சென்னையில் மூன்று மாதம் ரிப்பேர் படித்தாள். புத்தூரில் கடை பிடிக்கலாம் என்று போனாள். காம்ப்ளெக்ஸ்காரர் முதலில் வாயெல்லாம் பல்லாகப் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார், அதையும் சொன்னாள். காலியாக இருந்த கடை அந்த நிமிஷமே வேறு யாருக்கோ பேசி முடித்ததாகிவிட்டது. திருப்பதியில் அவ்வளவு பேர் வந்து போகிற கூட்டத்தில் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அதனால் இந்தச் சந்து.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு, பச்சையப்பன் அங்கே வந்து நின்றான். புத்தூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாற்பது வயது இருக்கும். மஞ்சள் துணி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்து ஒரு பழைய போனை எடுத்து, குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் கொடுத்தான்.

"பாத்து, மா. இதுல என் ஊட்டுக்காரி கீறா."

"இன்னா ஆச்சிணா?"

"டச்சு வேல செய்யல."

"தண்ணி பட்டுச்சா?"

"படவே இல்ல. தானா நின்னுடுச்சி."

எல்லா போனும் தானாகத்தான் நிற்கும். தாட்சாயணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கேட்டாள்: "டச் மாத்தணுமா?"

"டச்சு கெடக்குது. உள்ள ஒரு போட்டோ கீது. அது இன்னிக்கி சாயங்காலம் அஞ்சரைக்குள்ள குவைத்துக்குப் போவணும்."

பிறகு அவன் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடலாம். அவன் சொன்னபோது அது முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவன் மனைவி அம்சவேணி இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வேலைக்காகக் குவைத் போனாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தேழு. முப்பது முடியாத பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பக்கூடாது என்று அரசாங்கத்தில் விதி இருக்கிறது. ஏஜெண்ட் அவளுக்கு முப்பத்து மூன்று வயதாக்கினான், தகப்பன் பெயரையும் மாற்றினான், அந்த விவரத்துக்கு ஒரு பாஸ்போர்ட்டும் வாங்கினான். போன வீட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் கதவையும் பூட்டினார்கள். கையில் இஸ்திரிப் பெட்டியால் சுட்ட பிறகு ஒரு நாள் குப்பை கொட்டப் போனவள் அப்படியே ஓடிவந்து தூதரகத்தின் காப்பகத்தில் சேர்ந்தாள். இப்போது அந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏறினால் வழக்கு இல்லாமல் ஊர் திரும்பலாம். பட்டியலுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும். ஏஜெண்ட் போட்ட பொய்த் தேதி அவளுக்கு நினைவில்லை; உண்மையான பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடினால் அப்படி ஒரு பெண் வெளிநாடு போகவே இல்லை என்று வருகிறது. ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கரும்பு ஜூஸ் கடை.

மிச்சம் இருப்பது இந்தப் போன்தான். கிளம்புவதற்கு முன் ஏஜெண்ட் டீ குடிக்கப் போன நேரத்தில் அம்சவேணி மேஜைமேல் கிடந்த பாஸ்போர்ட்டை இதில் படம் எடுத்திருக்கிறாள். போன் கொண்டுபோகக்கூடாது என்று ஏஜெண்ட் சொன்னதால் வீட்டில் விட்டுப் போனாள்.

"சர்வீஸ் சென்டர்ல காட்னியா?"

"போன வாரமே போனேன். கண்ணாடி போட்டுக்கினு ஒரு பொண்ணு. இதுல கம்பெனி சாஃப்ட்வேர் இல்ல, யாரோ மாத்திட்டாங்க, தொடமாட்டோம்னுச்சி. வேணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடுவோம், கையெழுத்து போடுன்னுச்சி. நான் எடுத்துக்கினு ஓடியாந்துட்டேன்."

"அந்த ஒரு வேல உருப்படியா பண்ணின" என்று சொல்லிவிட்டுத் தாட்சாயணி கேபிளைச் சொருகினாள். போனில் சார்ஜ் ஏறுகிற அடையாளம் வந்தது. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. கேபிளைக் கொஞ்சம் அசைத்தபோது, ஏதோ ஒரு கருவி இணைக்கப்பட்டிருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்று ஒரு மூலையில் எழுதிக் காட்டிவிட்டு மறுபடி சும்மா இருந்தது.

போனுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றியவன் அம்சவேணியின் தம்பி ஹேமநாத். பெங்களூரில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிறான். தாட்சாயணி அவனைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, கம்பெனிது தொங்கிக்கினே இருந்துச்சி. அப்டேட்டும் நிறுத்திட்டான். அதான் கஸ்டம் ரோம் போட்டுக் குடுத்தேன்."

"நல்லதுதான் பண்ணிருக்க. லாக் எதுனா வச்சியா?"

"எங்கக்காவுக்கு மறந்துடும்னு ஒண்ணும் வைக்கல."

"சொருகினா கம்ப்யூட்டர்ல வரலியே."

"சொருகினா சார்ஜ்தான் ஏறும். மேல இருந்து இழுத்து ஃபைல் அனுப்புன்னு தட்டணும்."

"தட்டறதுக்குத்தான டச்சு இல்ல."

"அப்ப ரெகவரில போ. அங்க தட்டவே வேணாம், தானா கம்ப்யூட்டர்ல வந்துடும். சூப்பர்வைசர் வரான்க்கா, வெச்சிடறேன்."

கஸ்டம் ரோம் என்றால் ஏதோ திருட்டுச் சரக்கு என்று இந்தத் தொழிலில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. கம்பெனி ஒரு போனை விற்ற இரண்டாம் வருஷம் அதைக் கைகழுவிவிடும். புதுசு வாங்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். வாங்க முடியாதவர்களுக்காக, எந்தெந்த நாட்டிலோ முகம் தெரியாத யார் யாரோ ராவும் பகலும் உட்கார்ந்து, அந்தப் பழைய போனில் ஓடுகிற மாதிரி வேறு ஒரு மென்பொருளை எழுதி, சும்மா எடுத்துக்கொள் என்று வைத்துவிடுகிறார்கள். கைவிட்டவன் கம்பெனி. காப்பாற்றியவனுக்குப் பெயர் கெடுத்தவன். தாட்சாயணிக்கு இதில் வெகுநாளாகவே கோபம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவளும் அந்த மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டாள். அவ்வளவு பேர் அவ்வளவு நாளாகச் சொல்வது எப்படியோ காதுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

கேபிளை மாற்றினாள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்துத் துளையில் சொருகிப் பார்த்தாள். போனையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் டிரைவர் மென்பொருள்களில் கிடைத்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டாள், எடுத்தாள், ரீஸ்டார்ட் செய்தாள். அந்தக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதற்குள் இரண்டு பேருக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டி அனுப்பலாம். மௌஸை ஒரு சின்ன கேபிள் வழியாகப் போனிலேயே மாட்டி, அம்புக்குறியை வைத்துத் தட்டலாம் என்று பார்த்தாள். மௌஸின் அடியில் சிவப்பு விளக்கு எரியக்கூட இல்லை. இந்த ரோமில் அந்த வசதி கிடையாது போல என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். பட்டன்களை அழுத்திப் பிடித்து, பழுது பார்ப்பதற்கென்று போனில் தனியாக இருக்கும் ரெகவரிக்குள் போனாள். அங்கே தானாக வரும் என்று ஹேமநாத் சொன்னது வரவில்லை. மணி ஒன்றரை.

இதற்கிடையில் பச்சையப்பனின் வாய் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கவில்லை.

"வந்துச்சா, மா?"

"வந்தா சொல்லமாட்டனா?"

"இல்ல, கம்ப்யூட்டரு பழசா கீதேன்னு."

"ஆட்டோ பழசானா பிரேக்கு பிடிக்காதா உனக்கு? சும்மா உக்காருணா."

பக்கத்துக் கடை ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தார். போன் கவரும் சார்ஜரும் விற்கிறவர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். எதற்கும் யோசனை வைத்திருப்பார்.

"ஏம்மா, காலைலேந்து இதேதானா? ஃப்ளாஷ் கொட்டேய். பழச அழிச்சிட்டு கம்பெனி சாஃப்ட்வேர் எக்கிஞ்சு, ஏத்தினா டக்குனு கனெக்ட் ஆகும்."

"ஆகும். போட்டோ எல்லாம் போயிடும்."

"போட்டோ போனா போகட்டும், போன் வருமில்ல?"

"அவருக்குப் பொண்டாட்டி வரணும், அங்கிள்."

ஆதிநாராயணன் பச்சையப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப மலைக்கு ஒருதரம் போயி வா, பாபு" என்று இலவசமாக இன்னொரு யோசனையும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காப்பகத்தில் இருக்கும் பெண்களுக்காக ஓடியாடும் ஸ்வர்ணலதா என்ற தன்னார்வலர், பச்சையப்பனிடம் எண்ணை வாங்கி, குவைத்திலிருந்து தாட்சாயணிக்கே நேராகச் செய்தி அனுப்பினாள். அங்கே மூன்று மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். நம் கணக்கில் ஐந்தரை. நாளை வெள்ளி, அங்கே விடுமுறை. விடுமுறை கழிந்து திறப்பதற்குள் பொதுமன்னிப்புக் கெடுவே முடிந்துவிடும்.

மூன்று மணிக்குத் தாட்சாயணி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மறுபடி மூடினாள். எதையும் அழிக்காமல், போனைப் பற்றிய விவரத்தையாவது கம்ப்யூட்டர் படிக்கிறதா என்று பார்க்க, டவுன்லோட் மோடுக்குப் போனாள். மேலே ஓடும் மென்பொருள் இன்னும் போடாத வெறும் போனிலும் வரக்கூடிய நிலை அது. தொழிற்சாலையில், உள்ளே எதுவுமே போடுவதற்கு முன்னால், முதல் மேஜையில் சொருகுவது அந்த நிலையில்தான். சொருகினாள். கம்ப்யூட்டர் மறுபடியும் ஊமையாக இருந்தது.

அப்போதுதான் அவள் கை நின்றது.

போனை ஆன் செய்தால் ஓடுவது ஹேமநாத் போட்ட ரோம். ரெகவரி வேறு ஆட்கள் எழுதிய வேறு மென்பொருள். டவுன்லோட் மோட் கம்பெனியே வைத்த மூன்றாவது சரக்கு, அதை ஹேமநாத் தொட்டிருக்கவே மாட்டான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? போகாது. அப்படியானால் குற்றம் மூன்றுக்கும் கீழே, மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஐந்து மணி நேரமாக அவள் விசாரித்தது குற்றம் செய்யாதவனை. ஏன் அவனை விசாரித்தாள்? மாற்றி அமைக்கப்பட்டவன் என்று எல்லாரும் சொன்னார்கள், அதனால்.

இப்போது அவள் கேபிளைத் திரும்ப எடுத்து, கம்ப்யூட்டரைப் பார்க்காமல், விரலை மட்டும் கவனித்துச் சொருகினாள். முள் முழுசாகப் போகவில்லை. அரை அரிசி அளவுக்கு வெளியே நின்றது. காலையில் முதல் தடவை சொருகியபோதே விரல் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் இருக்கும். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

போனை நிமிர்த்தி, அதன் கீழ்முனைத் துளையை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து பாறைபோல ஏதோ இருந்தது. இரண்டு ஓரத்தில் மட்டும் சுரண்டிய தடம்.

"அண்ணா, இங்க வா. இதுல கண்ண வையி. இன்னா இது?"

பச்சையப்பன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "சந்தனம்" என்றான், ரொம்பச் சாதாரணமாக. "நடுவுல குங்குமம்."

"போனுக்குள்ள சந்தனம் எப்பிடி வந்துச்சி?"

"நான்தான் வச்சேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் தானாகவே முழுவதையும் சொன்னான். ஊரில் ஒரு ஜோசியர். அம்சவேணி கடைசியாகத் தொட்ட பொருள் எது என்று கேட்டிருக்கிறார். போன் என்றிருக்கிறான். அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். ஒரு நாள் பொட்டு ராத்திரிக்குள் அழிந்தாலும் பலன் இல்லை. மேலே வைத்த பொட்டு கை பட்டு அழிந்துகொண்டே இருந்தது. பச்சையப்பன் யோசித்தான். கை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டான்.

"அதுக்குன்னு இந்த ஓட்டையிலயா?"

"அதுதான மா அழியாது."

"சார்ஜ் எப்பிடி போட்ட?"

"தொடப்பக் குச்சியால ரெண்டு ஓரத்தையும் நோண்டி உட்டுக்குவேன். சார்ஜ் நல்லா ஏறுதே."

ஏறும். அந்தத் துளையில் வரிசையாக ஐந்து முள். இரண்டு ஓரத்து முள்ளில் மின்சாரம் போகும். நடுவில் இருப்பவற்றில்தான் தகவல் போக வேண்டும், மௌஸ் மாட்டினால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில்தான் நாற்பத்தாறு நாள் சந்தனம் உட்கார்ந்திருக்கிறது. கரைத்து வைத்த சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கித்தான் டச்சும் போயிருக்கிறது. மனைவியை அழைத்து வர இருந்த ஒரே வழியை ஒரு மனுஷன் தினமும் குளித்துவிட்டு, பக்தியோடு, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே அடைத்திருக்கிறான். ஏஜெண்ட் ஒரு பொய்யை விற்றான், ஜோசியர் இன்னொன்றை விற்றார். இரண்டையும் வாங்கியது இதே வீடுதான்.

"தண்ணி படலன்னு சொன்ன?"

"தண்ணி படலியே, மா. பன்னீருதான்."

தாட்சாயணி நெற்றியில் அறைந்துகொள்ளாமல் இருக்கக் கையைத் துணியில் துடைத்தாள். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.

"இரு, இரு" என்று பச்சையப்பன் போனின் மேல் கையை வைத்தான். "அழிக்கப் போறியா?"

"பின்ன?"

"இன்னிக்கி நாப்பத்தாறு. நாளன்னைக்கி முடிஞ்சிடும். ரெண்டு நாள் பொறுத்துக்க முடியாதா? இவ்ளோ நாள் வச்சிட்டு நடுவுல அழிச்சா அவளுக்கு எதுனா ஆயிடும்னாரு."

"நாளன்னைக்கி லிஸ்டே இருக்காதுணா. அஞ்சரைக்கி மூடிடுவாங்க. மணி பாரு, மூணே முக்கா."

"தெரியுது, மா. ஆனா பயமா கீது." அவன் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தான். வேஷம் இல்லை, உண்மையான பயம். அதைப் பார்த்தபோது அவளுக்கு அவன்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் அந்த ஜோசியர்மேல் போய்ச் சேர்ந்தது. பயம் காட்டிப் பிழைக்கிறவன் தன் பிழைப்புக்கு ஒரு காவலும் போட்டு வைக்கிறான்: நடுவில் விட்டால் கேடு. பரிகாரம் பலிக்காமல் போனால் அது அவன் தப்பில்லை, விட்டவன் தப்பு.

கையைப் பிடுங்கித் தள்ளிவிட்டு வேலையை முடிக்க அவளால் முடியும். ஆனால் போன் அவளுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. ஸ்வர்ணலதாவின் எண்ணுக்குக் கூப்பிட்டு, அம்சவேணியிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்டர்மேல் வைத்தாள். விஷயத்தை நாலு வரியில் சொன்னாள். அந்தப் பக்கம் நிறையப் பெண்கள் பேசுகிற இரைச்சல் கேட்டது.

"அவரு பக்கத்துல கீறாரா?"

"கீறேன், அம்சா" என்றான் பச்சையப்பன்.

"யோவ். நான் இங்க ஒரு ரூம்ல நாப்பது பொம்பளைங்களோட ஒருக்களிச்சி படுத்துக்கினு கீறேன். நீ அங்க போனுக்குப் பொட்டு வச்சிக்கினு கீறியா?"

"உனக்குத்தான், அம்சா. உனக்கு எதுனா ஆயிடக்கூடாதுன்னு."

"எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயிடுச்சி. இனிமே ஆகறதுக்கு இன்னா கீது? கைய எடு அதும் மேல இருந்து."

அவன் எடுக்கவில்லை. "ஜோசியரு சொன்னாருல்ல..."

"அந்த ஆள இங்க அனுப்பு. எங்க மேடம் ஊட்ல ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கட்டும். அப்பறம் சொல்லட்டும் எது கேடுன்னு." அதோடு அவனை விட்டாள். "கடைக்காரக்கா, நீங்க தொடைங்க. அவரு அழுதா அழட்டும்."

பச்சையப்பன் கையை எடுத்தான். அழவும் செய்தான்.

சந்தனத்தை எடுப்பது நினைத்ததுபோல இல்லை. ஸ்பிரிட் விட்டால் மேல்பூச்சு கரைந்தது, அடியில் இருந்தது பன்னீரில் குழைந்து இறுகிய மாதிரி அசையவில்லை. குத்தி எடுத்தால் முள் வளையும், வளைந்தால் துளையையே மாற்ற வேண்டும், அதற்கு நேரமில்லை. பல்குத்தும் குச்சியைச் சீவி, ஊறவிட்டு, தூரிகையால் தள்ளி, மறுபடி ஊறவிட்டு, இம்மி இம்மியாக எடுத்தாள். நடுவில் ஒருத்தன் வந்து டெம்பர் கிளாஸ் கேட்டான். "பக்கத்துக் கடை" என்று தலை நிமிராமல் சொன்னாள். கவுன்டரில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்ந்தது. பச்சையப்பன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

ஊதி, காயவைத்து, பட்டன்களை அழுத்தி ரெகவரிக்குள் போய்க் கேபிளைச் சொருகினாள். முள் கடைசி வரை போய் அமர்ந்ததை விரல் முதலில் சொன்னது. கம்ப்யூட்டர் அப்புறம்தான் மணியடித்தது. திரையில் போனின் பெயரோடு ஒரு கோப்புறை வந்து நின்றது. ஐந்து டிரைவரில் எதுவும் தேவைப்படவில்லை, கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்ததே போதுமாக இருந்தது. ஹேமநாத் போட்டுக் கொடுத்ததில் ஒரு குற்றமும் இல்லை.

முதலில் எல்லாவற்றையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு இறக்கினாள். பிறகு தேதியை வைத்துத் தேடினாள். கல்யாண வீடு, ஆட்டோ, ஆட்டோ முன்னால் பச்சையப்பன், வேர்க்கடலைச் செடி, ரேஷன் கார்டு. அதற்கப்புறம் ஒரு மேஜை, டீ கிளாஸ் வைத்த வட்டம், ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நடுவில் பாஸ்போர்ட். அவசரத்தில் எடுத்தது கோணலாக இருந்தது. எண் தெளிவாக இருந்தது. அம்சவேணியின் முகத்துக்குப் பக்கத்தில் அவளுடையதல்லாத வயதும், அவளைப் பெறாத ஒருவரின் பெயரும்.

படம் ஐந்து ஐந்துக்குக் குவைத் போனது. ஐந்து இருபத்திரண்டுக்குப் பதில் வந்தது: "பட்டியலில் ஏற்றியாகிவிட்டது. வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு." உண்மையான ஆதாரும் உண்மையான ரேஷன் கார்டும் செய்ய முடியாததை ஒரு பொய்யன் தயாரித்த காகிதத்தின் படம் செய்தது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை.

பச்சையப்பன் சந்தின் சாக்கடை மூடிமேல் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே கேட்டான்:

"மா, அந்த ரெண்டு நாளுக்கு பதுலா எதுனா செய்யணுமா?"

"அண்ணா, அஞ்சு அம்பதுக்கு ரயிலு. ஊட்டுக்குப் போய்ச் சோறு துன்னு. வேற ஒண்ணும் செய்யாத. தயவு பண்ணி எதையும் செய்யாத."

பத்தொன்பது நாள் கழித்து அம்சவேணி கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண், போட்டோவில் இருந்ததைவிடக் கறுத்திருந்தாள். இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே முக்கோணமாகப் பதிந்திருந்தது. பச்சையப்பன் நாலடி தள்ளி நின்றான்.

"டச்சு மாத்திக் குடுங்கக்கா. அப்பறம் அந்தப் படத்த பெருசா ரெண்டு பிரிண்ட்டு. சித்தூர்ல திங்கக்கெழம மனு வாங்கறாங்களாம். அந்த ஏஜெண்ட உடமாட்டேன்."

"நல்லபடியா வந்து சேந்துட்ட. எதுக்கு இன்னும் வம்பு?" என்றான் பச்சையப்பன்.

"உன்ன கேட்டனா?"

அவன் கேட்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு வெளியே பார்த்தான். தாட்சாயணி நான்கு பிரிண்ட் போட்டாள். இரண்டு போதாது, ஆபீஸில் ஒன்றைத் தொலைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அம்சவேணி உடனே போகவில்லை. காப்பகத்தில் அவளுக்கு அடுத்த பாயில் படுத்திருந்த யமுனா என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பலமனேர்க்காரி. அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். கெடுவை ஒரு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். அவளுடைய காகிதங்களின் படமும் வீட்டில் விட்டு வந்த போனில்தான் இருக்கிறது. "கம்ப்யூட்டர்ல வரவே மாட்டேங்குதாம். அதுலயும் யாரோ சாஃப்ட்வேர் மாத்திட்டாங்களாம், அதனாலன்னு சொல்றாங்களாம்" என்று ஒரு எண்ணைக் கொடுத்தாள். யமுனாவின் தகப்பன் ரங்கையாவின் எண்.

தாட்சாயணி அங்கேயே கூப்பிட்டாள். தெலுங்கில் பேசினாள். போனை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அழித்துப் போடுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தப் போனுக்குப் பூஜை, பொட்டு ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டாள்.

ரங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை என்றார். போனுக்கெல்லாம் பூஜை செய்ய அவருக்கு என்ன பைத்தியமா? சங்கராந்தி சமயத்தில் தண்ணீரில் விழுந்தது. விஷயம் தெரிந்தவர்கள் சொன்னபடி அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறோம், கடையில் காட்டிய ஒரு நாள் தவிர இன்றுவரை அதில்தான் இருக்கிறது, ஈரத்தை அரிசி இழுத்துவிடும் என்றார்.

"சங்கராந்திலேந்தா?" என்றாள் தாட்சாயணி. "இப்ப மே மாசம்."

"நடுவுல அரிசிய ரெண்டு தடவ மாத்தினோம், மா."

அந்தத் துளைக்குள் இதற்குள் எவ்வளவு அரிசிமாவு இறுகியிருக்கும் என்று நினைத்து அவள் கண்ணை மூடித் திறந்தாள். எதிரே அம்சவேணி பிரிண்டுகளைச் சுருட்டிக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்கிற முகத்தோடு நின்றாள். தாட்சாயணி அவளுக்குக் கை காட்டிவிட்டு, போனில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். தட்டக்கூடாது, ஊதக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது, குச்சியால் நோண்டக்கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கக்கூடாது. ஒரு துணியில் சுற்றி, நாளைக் காலை பலமனேரில் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஏறி வர வேண்டும். அவர் மூன்று தடவை சரி என்றார். அவள் நான்காவது தடவையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.